கிராம ஸ்திரீகளின் கைத்தொழிலும் அதற்கேற்ற பயிற்சியும்

கிராமத்தில் வேலை செய்யாத ஸ்திரீயைக் காண்பது அரிது. விடியுமுன் தொழுவத்தைக் கூட்டி, தண்ணீர் சுமந்து, பகலெல்லாம் கூலிக்குக் களை பறித்து, மாலையில் வீடு திரும்பிய பின்னரும் பாய் முடைதல், கூடை பின்னுதல், பீடி சுற்றுதல், துணி தைத்தல் முதலிய தொழில்களில் ஒன்றைக் கைக்கொண்டு நாலு காசு தேடுவோர் அநேகர். ஆயினும், "உன் தொழில் யாது?" என்று வினவினால், "தொழில் ஒன்றுமில்லை, வீட்டில்தான் இருக்கிறேன்" என்றே அவர்களுள் பெரும்பாலோர் விடை கூறுவர். குடிமதிப்பு எடுக்க வருவோரும் அவ்விதமே எழுதிக்கொண்டு போவதுண்டு. தொழில் இல்லை என்று எழுதப்பட்டவளுக்குத் தொழிற்கடன் கிடைப்பதில்லை. கருவிக்கும் பயிற்சிக்கும் அவளை ஒருவரும் அழைப்பதுமில்லை.

இத்தகைய ஸ்திரீகளுக்குக் கைத்திறன் பயிற்சி அளிப்பது எவ்வாறு, அப்பயிற்சி எப்பொழுது பலன் தரும், எப்பொழுது வீணாகும் என்பன கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டிய விஷயங்களாம். இதற்குத் தக்க உதாரணம் குஜராத்தில் கிடைக்கிறது. அம்மாகாணத்து ஆமதாபாத் நகரில் 1972ஆம் வருஷத்தில் தோன்றி, இன்று 20 லட்சத்துக்கு மேற்பட்ட ஸ்திரீகளை அங்கத்தினராகக் கொண்டுள்ள 'சேவா' என்னும் சுயதொழில் பெண்கள் சங்கத்தின் அநுபவமே அது.

முறைசாராத் தொழில் என்பது யாது?

ஆலையிலோ ஆபீசிலோ வேலை செய்கிறவருக்கு எஜமானன் இன்னான் என்று தெரியும். சம்பளப் பட்டியலும் விடுமுறையும் உண்டு. நோயுற்றால் சிறிது உதவியும் உண்டு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவளுக்கோ, தலையில் கூடை சுமந்து மீன் விற்கிறவளுக்கோ இவற்றில் ஒன்றும் இல்லை. எழுத்து மூலமான ஒப்பந்தமின்றி, கணக்கில் ஏறாமல், சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நடைபெறும் இவ்வகைத் தொழில்களையே முறைசாராத் தொழில் என்பர். 1972இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தார் கென்யா தேசத்தைக் குறித்து வெளியிட்ட அறிக்கையின் பின்னரே இப்பெயர் உலகெங்கும் வழங்கலாயிற்று.

பெயர் புதிதாயினும் விஷயம் பழையது. இந்திய சர்க்காரால் 2004இல் நியமிக்கப்பட்டு, அர்ஜுன் சென்குப்தா அவர்களின் தலைமையில் விசாரணை செய்த கமிஷன், இத்தேசத்தில் உழைத்துப் பிழைப்போரில் 100க்கு 90 பேருக்கு மேல் இவ்வகையினரே எனக் கண்டது. அதற்கு முன்னரே, 1987இல் எலா பட் அம்மையாரின் தலைமையில் அமைந்த தேசிய கமிஷன், சுயதொழில் செய்யும் பெண்களின் நிலைமையை விசாரித்து, 1988இல் 'சிரமசக்தி' என்னும் அறிக்கையை வெளியிட்டது. சேவா சங்கத்தை ஸ்தாபித்தவரும் அந்த எலா பட் அம்மையாரே. அவர் 1933இல் பிறந்து 2022இல் காலமானார்.

பயிற்சி மாத்திரம் போதுமா?

ஏழைக்குத் தொழில் தெரியாது, ஆகையால் அவனுக்கு ஒரு தொழிலைக் கற்பித்துவிட்டால் வறுமை நீங்கும் என்பது பலரும் எளிதாக நம்பும் கொள்கை. இக்கொள்கையை ஒட்டி, கிராம வாலிபருக்குச் சுயதொழில் பயிற்சி அளிக்கும் 'டிரைசம்' என்னும் திட்டம் 1979ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15ஆம் தேதி தேசமெங்கும் தொடங்கப்பட்டது. 18 முதல் 35 வயது வரையுள்ள ஏழைக் குடும்பத்தினருக்குத் தொழில் கற்பித்து, பயிற்சிக் காலத்தில் உபகாரச் சம்பளமும் அளிப்பது அதன் ஏற்பாடு. பெண்களுக்கென ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டது.

நோக்கம் நல்லதே. ஆனால் பயிற்சி பெற்றோரில் பலர் கற்ற தொழிலைப் பின்னர் மேற்கொள்ளவில்லை என்றும், ஒரு பகுதியினர் உபகாரச் சம்பளத்துக்காகவே வந்தனர் என்றும் அத்திட்டத்தைப் பரிசீலித்தவர்கள் கூறினர். 1999இல் அது வேறொரு திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஒரு கிராமத்தில் இருபது பெண்களுக்குத் தையல் கற்பித்தால், இருபது பேரிடமும் துணி தைக்கக் கொடுப்பதற்கு அக்கிராமத்தில் ஆள் இல்லை. தையல் மெஷின் வாங்க முதல் இல்லை. வாங்கினாலும் பழுதுபார்க்க ஆள் இல்லை. ஆறு மாதம் கற்ற தொழில் அடுத்த ஆறு மாதத்தில் மறந்துபோகிறது. சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கும்.

இதிலிருந்து பயிற்சி பயனற்றது என்று முடிவு கட்டுதல் தவறாகும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நடக்கவேண்டிய காரியங்கள் பல உள. அவை எவை என்பதைச் சேவா சங்கத்தார் தம் அநுபவத்தில் ஒவ்வொன்றாகக் கண்டறிந்தனர்.

முதலில் சங்கம், பிறகு பணம்

1971ஆம் வருஷத்தில் ஆமதாபாத்தில் ஜவுளிக் கடைகளுக்குத் தலைச்சுமையாகத் துணிமூட்டைகளைத் தூக்கிச் செல்லும் பெண்கள் இருந்தனர். எத்தனை நடை சுமந்தார்கள் என்பதற்கு வியாபாரிகள் கணக்கு வைப்பதில்லை, கொடுத்ததே கூலி. ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் பெண்கள் பகுதியில் அலுவல் பார்த்து வந்த எலா பட் அம்மையார் இதைக் குறித்துப் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகள் அதை மறுத்து, தாங்கள் நியாயமாகவே கூலி கொடுத்து வருவதாகப் பதில் எழுதினர். அவர்கள் எழுதிய அப்பதிலையே சிறு அட்டைகளில் அச்சிட்டு அப்பெண்களிடம் கொடுத்துவிட்டார்கள். "நீங்கள் சொன்னபடி கொடுங்கள்" என்று கேட்பதற்கு அவ்வட்டைகளே ஆதாரமாயின.

பின்னர், தொழிற்சங்கமாகப் பதிவு செய்யக் கோரியபோது, எஜமானன் இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு, யாரை எதிர்த்துப் போராடுவீர்கள் என்று அதிகாரிகள் ஆட்சேபித்தனர். சங்கம் ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் அன்று, உழைப்போர் தமக்குள் ஒன்றுபடுவதற்காகவே என்று வாதித்து, 1972ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பதிவைப் பெற்றனர்.

அடுத்து எழுந்தது கடன் பிரச்னை. கூடை, தராசு, தள்ளுவண்டி எல்லாம் வாடகைக்கு. சரக்கு வாங்கக் காலையில் கடன், மாலையில் வட்டியுடன் திருப்பல். இந்நிலையில் எத்தொழிலைக் கற்றாலும் லாபம் கடன் கொடுத்தவனுக்கே போய்ச் சேரும். ஆகவே 1974ஆம் வருஷத்தில் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் பங்குத்தொகை செலுத்தித் தங்களுக்கென ஒரு கூட்டுறவு பாங்கியை ஏற்படுத்தினர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாங்கி நடத்துவது எப்படி என்ற சந்தேகம் எழுந்தது. பதிவுப் பத்திரங்களில் கையெழுத்திட வேண்டியிருந்த பெண்கள் இரவெல்லாம் விழித்திருந்து தத்தம் பெயரை எழுதிப் பழகினர் என்பது அப்பாங்கியின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. ரேகை வைப்பவளும் தன் பணத்தைத் தானே எடுக்கும்படி, கணக்குப் புத்தகத்தில் அவளது புகைப்படத்தை ஒட்டும் முறையும் கையாளப்பட்டது.

பனாஸ்காந்தா ஜில்லாவில் கண்டது

நகரத்தில் கற்ற பாடம் கிராமத்தில் பரீட்சிக்கப்பட்டது 1980களின் பிற்பகுதியில். வட குஜராத்தில், ரண் என்னும் உப்புப் பாலைக்கு அண்மையில், அப்போது பனாஸ்காந்தா ஜில்லாவைச் சேர்ந்திருந்த ராதன்பூர், சந்தல்பூர் தாலூகாக்கள் உள்ளன. 2000ஆம் வருஷத்தில் பாட்டன் ஜில்லா அமைந்தபோது அவை அதில் சேர்ந்தன. மழை குறைந்த, நிலத்தடி நீரும் உப்பான பிரதேசம் அது. குழாய் மூலம் குடிநீர் கொணரும் சர்க்கார் திட்டம் ஒன்று அங்கு நடைபெற்று வந்தது. தண்ணீர் வந்தால் மட்டும் மக்கள் ஊரிலே தங்கிவிடுவார்களா, ஜீவனத்துக்கு வழி வேண்டாமா என்ற கேள்வி பிறந்தது. பஞ்ச காலங்களில் குடும்பங்கள் ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு வெளியூர் போய்விடுவதும், இருப்போர் நிவாரண வேலையில் மண் தோண்டுவதும் அங்கு வழக்கமாயிருந்தன.

அவ்வூர்ப் பெண்களுக்கு என்ன தொழில் கற்பிக்கலாம் என்று ஆராய்ந்தபோது, கற்பிக்க வேண்டாத ஒரு தொழில் வீடுதோறும் இருந்தது புலனாயிற்று. ஆஹிர், ரபாரி முதலிய சமூகங்களின் பெண்கள் சிறு வயது முதல் ஊசியும் நூலும் பிடித்துக் கண்ணாடித் துண்டு பதித்த பூவேலை செய்யப் பழகியவர்கள். தங்கள் கல்யாணச் சீருக்காகவும் மகளின் சீருக்காகவும் பாவாடை, ரவிக்கை, தோரணம், மெத்தை விரிப்பு ஆகியவற்றைப் பல மாதங்கள் உழைத்து நிரப்புவது அவர்கள் குலாசாரம். அது விற்பனைச் சரக்கு என்று அவர்கள் நினைத்ததே இல்லை. ஆனால் பஞ்சம் வந்தபோது, ஊர் ஊராக வரும் வியாபாரிகள் அந்தச் சீர்த்துணிகளை அற்ப விலைக்கு வாங்கிச் சென்று நகரத்துக் கடைகளில் பன்மடங்கு விலைக்கு விற்று வந்தனர். தாய் தன் கையால் தைத்த துணியை மகள் வயிற்றுப்பாட்டுக்காக விற்றாள்; அதன் மதிப்பு அவளுக்குத் தெரியாது, தெரிந்தவன் சொல்லவுமில்லை.

ஆகவே அங்கு பயிற்சி என்பது பூவேலை கற்பிப்பதாக இல்லை. கைத்திறனைச் சம்பாத்தியமாக மாற்றும் வித்தையைக் கற்பிப்பதே பயிற்சியாயிற்று. கிராமப் பெண்கள், குழந்தைகள் அபிவிருத்திக்காக 1982இல் சர்க்கார் ஏற்படுத்திய திட்டத்தின் கீழ், அவ்வூர்ப் பெண்கள் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்தனர். குழுக்கள் ஒன்றுகூடி ஜில்லா அளவில் தங்கள் சொந்த ஸ்தாபனத்தை அமைத்தன. 2003இல் கைவினைப் பெண்களையே பங்குதாரராகக் கொண்ட ஒரு வியாபாரக் கம்பெனியும் ஏற்பட்டது.

எவ்வெவை கற்பிக்கப்பட வேண்டும்?

வீட்டுக்குத் தைப்பது வேறு, வியாபாரத்துக்குத் தைப்பது வேறு. தன் மகளுக்குத் தைக்கும் ரவிக்கையில் ஒரு பூ பெரிதாயும் ஒரு பூ சிறிதாயும் இருப்பது அழகு. நூறு திண்டு உறைகளுக்கு உத்தரவு கொடுத்த கடைக்காரனோ நூறும் ஓரளவாயிருக்க வேண்டும் என்பான். ஆகையால் இத்தகைய பயிற்சியில் அளவுகோல் பிடித்தல், ஒரே அளவாகத் துணி வெட்டுதல், சாயம் போகாத நூலைத் தெரிந்தெடுத்தல், அழுக்குப் படாமல் வேலை செய்தல், குறித்த நாளில் முடித்துக் கொடுத்தல் ஆகியவை முதற்பாடங்களாம். வாங்குவோர் எந்த வர்ணத்தை விரும்புகின்றனர், எந்தச் சாமான் விலைபோகும் என்பன இரண்டாம் பாடம். கணக்கே மூன்றாவதும் மிக முக்கியமானதுமான பாடம்.

கணக்குப் பாடத்தின் அவசியத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். இங்குக் கூறும் தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவையே. ஒரு திண்டு உறைக்குத் துணி 60 ரூபாய், நூலும் கண்ணாடியும் 40 ரூபாய், ஆக 100 ரூபாய் செலவு. வியாபாரி வந்து 450 ரூபாய் கொடுக்கிறான். 350 ரூபாய் லாபம் என்று அப்பெண் மகிழ்கிறாள். அவள் அவ்வுறையைச் சமையலுக்கும் மாட்டு வேலைக்கும் இடையே தினம் இரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டு நாள் தைத்தாள். ஆக 24 மணி நேரம், அதாவது எட்டு மணி வீதம் மூன்று நாள் வேலை. 350 ரூபாயை 24ஆல் வகுத்தால் மணிக்கு 15 ரூபாய்க்கும் குறைவு. நாளொன்றுக்கு 117 ரூபாய்க்கும் குறைவு. அவளுக்குக் கிடைத்தது லாபம் அன்று, குறைந்த கூலியே. வயல் வேலைக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் கூலி என்றால், அவள் உழைப்பின் மதிப்பு 900 ரூபாய். சாமான் செலவு 100 சேர்த்து 1,000. சங்கச் செலவு 100, பழுதாகும் சரக்குக்கு 50 சேர்த்தால் 1,150 ரூபாய்க்கு விற்றாலொழியக் கட்டாது.

அந்த விலைக்கு வாங்குவார் உண்டா என்பது அடுத்த கேள்வி. உண்டாயின், அவரைத் தேடிச் செல்லவேண்டும். இல்லையாயின், துணி முழுதும் பூவேலை செய்வதை விட்டு ஓரத்தில் மட்டும் ஒரு கரை வேலை செய்து, ஒரே நாளில் முடியும் சரக்கைத் தயாரிக்கலாம். இரண்டும் இயலாவிடில் அச்சரக்கைக் கைவிடுவதே நலம். இவ்விதம் தீர்மானிக்கும் சக்தி வந்த பெண்ணை எந்த வியாபாரியும் எளிதில் ஏமாற்ற முடியாது. எழுதத் தெரியாதவளும் இக்கணக்கைக் கற்க முடியும். ஒரு மணி வேலைக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் கலயத்தில் போட்டு வந்தாலே, வேலை முடியும்போது எத்தனை மணி உழைத்தாள் என்பது தெரிந்துவிடும்.

எழுத்தறிவின்மை தடையன்று

படிப்பில்லாதவர்களுக்கு நுட்பமான வேலை வராது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. இதற்கு மாறான உதாரணங்கள் பல. 1984ஆம் வருஷத்தில் சேவா சங்கத்தார், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அடங்கிய ஒரு பெண்கள் கூட்டத்துக்கு வீடியோ படம் பிடிக்கும் கருவியைக் கையாளக் கற்பித்தனர். காய்கறி விற்றவரும் அதில் உண்டு. தங்கள் தொழிலில் உள்ள கஷ்டங்களைத் தாங்களே படம் பிடித்து, பிற ஊர்ப் பெண்களுக்கும் அதிகாரிகளுக்கும் அவர்கள் காட்டினர்.

ராஜஸ்தானில் அஜ்மீர் ஜில்லாவைச் சேர்ந்த திலோனியா கிராமத்தில் 1972இல் பங்கர் ராய் என்பவர் தொடங்கிய ஸ்தாபனத்தில், கிராமத்து மூதாட்டிகள் சூரிய சக்தி விளக்குகளை இணைக்கவும் பழுதுபார்க்கவும் கற்கின்றனர். வெளிநாட்டுப் பெண்களும் அங்கு வந்து கற்றுச் சென்றுள்ளனர். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. வர்ணத்தாலும் சைகையாலும், செய்து காட்டித் திரும்பச் செய்யச் சொல்வதாலும் பாடம் நடைபெறுகிறது. இதை ஊன்றிக் கவனித்தால், கிராமத்தில் தாய் மகளுக்குச் சமையல் கற்பிக்கும் முறையும் இதுவே என்பது விளங்கும்.

ஆண்கள் தொழில் என்று கருதப்பட்டவை

கூடை, ஊறுகாய், தையல் இவையே பெண்களுக்கு ஏற்றவை என்று பயிற்சியளிப்போர் வரையறுத்துக்கொள்வதுண்டு. அதனால் ஒரே சரக்கு எங்கும் பெருகி விலை விழுகிறது. சேவா சங்கத்தார் வேறு வழிகளையும் நாடினர். வட குஜராத் கிராமங்களில் கைப்பம்பு பழுதானால் நெடுந்தூரம் நடந்து தண்ணீர் சுமப்பவள் பெண். பழுதுபார்க்க வேண்டியவனோ எங்கிருந்தோ வரவேண்டிய மெக்கானிக். ஆகவே பெண்களுக்கே பம்பு பழுதுபார்க்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. இரும்புக் குழாயைத் தூக்கி எடுப்பது பெண்களால் ஆகுமா என்ற அவநம்பிக்கை முதலில் இருந்தது. பம்பில் தண்ணீர் வந்தபின் அது குறைந்தது. ஒரு வேலையால் அதிகம் கஷ்டப்படுகிறவரே அதைச் சீக்கிரம் முடிக்க ஆவலுள்ளவர் என்பதை இது காட்டுகிறது.

உப்பளத் தொழில் மற்றோர் உதாரணம். சிறிய ரண் பிரதேசத்தில் அகரியர் என்னும் உப்பளத் தொழிலாளர் மழைக்காலம் முடிந்ததும் குடும்பத்துடன் பாலைக்குச் சென்று, கிணறு தோண்டி, உவர் நீரை இறைத்துப் பாத்திகளில் விட்டு, கோடை வரை உப்பு விளைவிக்கின்றனர். நீர் இறைக்கும் எஞ்சினுக்கு வேண்டிய டீசல் எண்ணெய்க்கே வரும்படியில் பெரும் பாகம் போய்விடும். அந்த எண்ணெய்க்கு முன்பணம் கொடுத்த வியாபாரி, தான் சொன்ன விலைக்கே உப்பை எடுத்துக்கொள்வான். 2010க்குப் பின் சேவா சங்கம் கடன் வசதி செய்து, சூரிய சக்தியால் இயங்கும் பம்புகளை அங்கத்தினருக்குப் பெற்றுத் தந்தது. சூரியத் தகடுகளைத் துடைத்துப் பராமரிக்கவும் சிறு பழுதுகளைத் தீர்க்கவும் தெரிந்திருப்பது இங்கு அவசியமாயிற்று. உப்பு விளைவிக்கும் திறன் பரம்பரையாக அவர்களிடம் இருந்தது. செலவைக் குறைக்கும் திறனே புதிதாக வேண்டியிருந்தது.

பால் உற்பத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். மாட்டுக்குப் புல் அறுத்து, தண்ணீர் காட்டி, பால் கறப்பவள் பெரும்பாலும் பெண். சங்கத்தில் அங்கத்தினராகப் பதிவாகியிருப்பதோ புருஷன் பெயர். மாட்டு வைத்தியம், தீவனம் பற்றிய பயிற்சிக்கு அங்கத்தினர் என்ற முறையில் போய் வருபவனும் அவனே. மாட்டின் நோயை முதலில் காண்பவளுக்கு நோயின் குறி கற்பிக்கப்படுவதில்லை. இது நஷ்டத்துக்கு நேர் வழி.

நேரிடும் இடையூறுகள்

எந்த நல்ல காரியத்துக்கும் இடையூறு உண்டு. பயிற்சி ஸ்தலம் தாலூகா நகரத்தில் இருந்தால் கைக்குழந்தையுள்ளவள் வரமாட்டாள். நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வகுப்பு வைத்தால் கூலியை இழந்து ஒருவரும் வரார். ஒரு நாள் கூலியை இழப்பது அதிகாரிக்குச் சிறிதாகத் தோன்றலாம். அன்று அடுப்பு எரியுமா என்பது அவளுக்குக் கேள்வி. வீட்டார் ஆட்சேபமும் உண்டு. முதல் வருமானம் கைக்கு வந்த பின்னரே அது தணியும்.

இவற்றினும் பெரிய இடையூறு சரக்குத் தேங்குதல். சங்கம் உற்சாகத்தில் நிறையச் சரக்குத் தயாரித்து, விற்க வழியின்றி அறையில் பூட்டி வைத்தால், கூலி கொடுக்க முடியாமற் போகும். இருமுறை கூலி தவறினால் மூன்றாம் முறை அப்பெண் பழைய வியாபாரியிடமே போவாள், அவளைக் குறைகூறுவதற்கில்லை. வியாபாரி குறைத்துக் கொடுத்தாலும் உடனே கொடுக்கிறான். ஆகையால் சரக்கு விற்றபின் கூலி என்னாமல், சரக்கு வாங்கியவுடன் ஒரு பகுதியாவது கொடுப்பதற்குச் சங்கத்திடம் சுழல்முதல் இருப்பது இன்றியமையாதது.

தூர தேசத்துச் சந்தையை மாத்திரம் நம்புவதும் அபாயம். அச்சந்தையில் ருசி மாறினால் தொழில் நின்றுவிடும். இதனை உணர்ந்தே சேவா சங்கத்தார், கிராமத்தில் விளையும் தானியம், மசாலாச் சாமான் ஆகியவற்றைச் சுத்தம் செய்து பொட்டலமிட்டு, அருகிலுள்ள கிராமங்களிலேயே பெண்கள் வீடு வீடாக விற்கும் 'ரூடி' என்னும் ஏற்பாட்டையும் செய்துள்ளனர்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

மேற்கூறிய அநுபவங்களிலிருந்து கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள் கைக்கொள்ளத்தக்கவை பின்வருவனவாம்.

முதலாவது, பயிற்சி வகுப்பைக் கோரி விண்ணப்பம் எழுதுமுன், ஊரில் உள்ள பெண்கள் இப்போது என்ன தொழில் செய்கின்றனர் என்பதை வீடு வீடாகக் கேட்டு ஒரு பட்டி தயாரிக்க வேண்டும். "தொழில் என்ன?" என்று கேட்டால் பதில் வராது, "நேற்று விடிந்தது முதல் என்னென்ன செய்தாய்?" என்று கேட்டால் எல்லாம் வெளிப்படும்.

இரண்டாவது, அவர்களைச் சங்கத்தில் அவரவர் பெயரிலேயே அங்கத்தினராகச் சேர்க்கவேண்டும். பங்குத்தொகையைச் சிறு தவணைகளில் வசூலிக்கலாம். புருஷன் பெயரில் உள்ள கணக்கில் மனைவியின் கூலியை வரவு வைத்தலாகாது.

மூன்றாவது, அவர்களிடம் உள்ள திறனையே முதலில் சீர்படுத்தவேண்டும். புதுத் தொழிலைத் தேர்ந்தெடுத்தால், சுற்று வட்டாரத்தில் அதற்கு எத்தனை பேருக்கு வேலை உண்டு என்று கணக்கிட்டு, அத்தனை பேருக்கு மாத்திரம் கற்பிக்கவேண்டும்.

நான்காவது, வகுப்பு ஊரிலேயே, வேலை குறைந்த மாதங்களில், பெண்களுக்கு ஒழிந்த நேரத்தில் நடைபெறவேண்டும். குழந்தைகளைக் கவனிக்க ஒரு கிழவியை அமர்த்தினால் வருகை இருமடங்காகாவிடினும் நிச்சயம் மிகும். கற்பிக்க வெளியூர் ஆசிரியரைத் தேடுமுன், ஊரில் கைதேர்ந்த பெண் இருப்பின் அவளையே ஆசிரியையாக நியமித்துச் சம்பளம் கொடுத்தல் நலம்.

ஐந்தாவது, பயிற்சி முடியும் நாளிலேயே கருவிக்கும் மூலப்பொருளுக்கும் கடன் தயாராயிருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து வரும் கடன், மறந்துபோன தொழிலுக்கு வரும் கடனாகும்.

ஆறாவது, ஒவ்வொரு சரக்குக்கும் உழைத்த மணிகளைச் சேர்த்து அடக்கவிலை கணக்கிட்டு, அங்கத்தினர் கூட்டத்தில் உரக்கப் படிக்கவேண்டும். கணக்கு எழுதுவோர் அறிந்து மற்றவர் அறியாத சங்கம் நெடுநாள் நில்லாது.

2001ஆம் வருஷம் ஜனவரி மாதம் 26ஆம் தேதி கட்ச் பிரதேசத்தில் பெரும் பூகம்பம் உண்டாகி, அண்டை ஜில்லாக்களிலும் வீடுகள் இடிந்தன. கூடாரங்களில் தங்கியிருந்த சேவா அங்கத்தினர் நிவாரணத்தோடு வேலையும் கேட்டனர். துணியும் நூலும் ஊசியும் அடங்கிய பொட்டலங்கள் அவர்களுக்கு வழங்கப்பட்டன. இடிபாடுகளின் நடுவே உட்கார்ந்து தைத்துக் கூலி பெற்றனர். வீடும் தானியமும் மண்ணில் புதைந்தபோதும் கைத்தொழில் அவர்களிடம் இருந்தது. அதை வாங்கிக்கொள்ள அவர்களுடைய சொந்த ஸ்தாபனமும் இருந்தது. இவ்விரண்டும் ஒவ்வொரு கிராமத்து ஸ்திரீக்கும் கிடைக்கச் செய்வது சங்கங்களின் கடமையாகும். அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பில் இவ்விஷயத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஊர்ப் பெண்களையும் அக்கூட்டத்துக்கு வரவழைத்து ஆலோசிப்பார்களாக.